எர்த் சரியாகக் கொடுக்கும் கடை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு சின்னக் கடையில் என் காரின் ஆம்ப்ளிஃபயர் வயரிங்கை மறுபடி செய்துகொண்டேன். முன்பு வேறோர் இடத்தில் எர்த் வயரை, அதாவது ஆம்ப்ளிஃபயரைக் கார் பாடியோடு இணைக்கும் வயரை, பெயின்ட் மேலேயே முடுக்கிவிட்டிருந்தார்கள். பெயின்ட் தடுத்ததால் எர்த் சரியாகப் பிடிக்கவில்லை; ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல்.

இந்தக் கடைக்காரர் டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகடு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் போல்ட்டை முடுக்கினார். எர்த் வயர் ஒன்றரை அடிதான். தடிமன் பவர் வயரைப் போலவே 4 கேஜ். இரண்டும் சுத்தச் செம்பு. விலை கூடத்தான், ஆனால் செம்பு பூசிய அலுமினியம் இதே தடிமனில் இவ்வளவு கரன்ட் தாங்காது.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் ஃபியூஸ். வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான், இதில் சமரசமே கூடாது. இப்போது இரைச்சல் சுத்தமாக இல்லை. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டம்.