காரைக்குடி கிளினிக்கும் சாத்தாத கதவும்

லண்டனிலிருந்து ஊருக்குப் போன இடத்தில் மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது, அதை விடுங்கள். காரைக்குடியில் ஒரு லேடி டாக்டர் கிளினிக்கில் பட்ட பாட்டைத்தான் எழுத வேண்டும்.

எனக்குப் பெண்ணுறுப்பின் வாயிலில் நாள்பட்ட வலி. தொற்றோ புண்ணோ கிடையாது, ஆனாலும் எரியும், குத்தும். காரணம் பிடிபடாமல் 3 மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் வல்வோடினியா என்கிறார்கள். லண்டனில் அந்தப் பெயரைக் கேட்பதற்கே ஜிபி (அங்கே முதலில் பார்க்க வேண்டிய பொது மருத்துவர்), காத்திருப்புப் பட்டியல், மறுபடி ஜிபி என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ராத்திரி போடும் அமிட்ரிப்டிலின் மாத்திரை இருப்பதால்தான் நிம்மதியாக உட்கார முடிகிறது. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகும் தங்க வேண்டி வந்ததால் மாத்திரை தீரப் பார்த்தது. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சரி, நம்மூரில் நினைத்த அன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாமே என்று டோக்கன் போட்டேன்.

அன்றைக்கே பார்த்தேன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே போனால் ஏற்கெனவே மூன்று பேர். கையில் பிரஷர் பட்டையோடு ஒரு அம்மா, ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அவள் மாமியார். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. நர்ஸ் நின்ற இடத்திலிருந்தே, "எங்கம்மா எரியுது? ஒண்ணுக்குப் போற எடத்துலயா? சத்தமாச் சொல்லுங்க" என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் ஆச்சி என் பக்கம் திரும்பி, "எந்த ஊரு ஆத்தா? எந்தக் கோயிலு, இளையாத்தங்குடியா மாத்தூரா?" நகரத்தார் எங்களுக்குள் கோயிலைச் சொன்னால் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் யாராவது இதைக் கேட்டால் எனக்கு அப்படி இனிக்கும், லண்டனில் கேட்க ஆளில்லையே என்று ஏங்கியிருக்கிறேன். அந்த அறையில் வயிற்றைப் பிசைந்தது. ஊரையும் கோயிலையும் சொன்னால் பொழுது சாய்வதற்குள் சேதி எங்கள் வளவுக்கு, அதாவது பங்காளிகளெல்லாம் இருக்கும் வீட்டுக்கு, வந்து சேர்ந்துவிடாதா?

டாக்டர் பரிசோதிக்கவே இல்லை. ஃப்ளூகோனசோல் 150, உள்ளே வைக்க க்ளோட்ரிமசோல், கழுவ ஒரு வாசனைத் திரவம் என்று எழுதிவிட்டார். "கிருமி டெஸ்டெல்லாம் எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லை" என்றேன். "ஒரு குழந்தை பெத்துக்கோம்மா, சரியாப் போயிடும்." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது. கிருமியே இல்லாத இடத்துக்கு எதற்குப் பூஞ்சை மருந்து? அந்த வாசனைத் திரவம் எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும். லண்டனில் எவ்வளவு காக்க வைத்தாலும், உள்ளே போனால் திரை இழுத்து, போர்த்திக்கொள்ளத் துணி கொடுத்து, துணைக்கு ஒரு நர்ஸ் இருக்கட்டுமா என்று கேட்ட பிறகுதான் தொடுவார்கள். இங்கே ஒரு கதவைச் சாத்த என்ன செலவு?

அப்புறம் அத்தை மகள் தேவகோட்டையில் வீட்டிலேயே பார்க்கும் ஒரு வயதான டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் முதலில் அவளையே வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டார். பஞ்சு சுற்றிய குச்சியால் 12 மணி, 3 மணி என்று கடிகாரக் கணக்கில் சுற்றிலும் மெல்லத் தொட்டு, எங்கே எவ்வளவு வலி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். காரைக்குடியில் இப்படி ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று தேடியவளுக்குத் தேவகோட்டையில் கண் கலங்கிவிட்டது.

சோப்பே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றார். மேலே தடவ, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் 5 சதவீதக் களிம்பு. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமே தொடரட்டும், போதவில்லை என்றால் மெதுவாகக் கூட்டலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் கபாபென்டின் என்று வேறொரு நரம்பு வலி மருந்து இருக்கிறது. அறுவை சிகிச்சை கடைசியில்தான், அதுவும் பெண்ணுறுப்பின் வாயிலில் மட்டும் வலி இருப்பவர்களுக்குத்தான். (மெடிக்கலில் இருந்த பையன் அமிட்ரிப்டிலின் பெயரைப் பார்த்துவிட்டு, "இது டிப்ரெஷன் மாத்திரையாச்சே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வலியைத் தணிக்கும் என்று அவனிடமே சொல்லிவிட்டு வந்தேன்.)

எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது இடுப்புத் தளத் தசைக்கான, அதாவது பெண்ணுறுப்பைச் சுற்றி அடியில் தாங்கும் தசைக்கான பிசியோதெரபி. வலிக்குப் பயந்து இறுகிப்போன தசையைத் தளர்த்தப் பழக வேண்டுமாம், இறுக்கும் பயிற்சி எனக்கு ஆகாதாம். நம்ம பக்கத்தில் அதற்குப் பழகியவர் கிடைக்கவில்லை, மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே அந்த வாரமே பார்த்துவிட்டார்கள், தனி அறையில். லண்டனில் அதே பிசியோதெரபிக்கு என் முறை இன்னும் வரவில்லை.