ஆயிரம் மடங்குக்கு இரண்டு வழி

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைக்குக் கூட்டு நுணுக்குக்காட்டி வாங்குவதென்றால் எல்லோரும் முதலில் தேடுவது பெட்டியில் அச்சிட்ட மடங்கு எண்ணைத்தான். அந்த எண் வெறும் வாய்ப்பாடு: பொருளுக்கு அருகே இருக்கும் பொருள்வில்லையின் பெருக்கத்தை, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டின் பெருக்கத்தால் பெருக்கினால் வருவது. 40ஐ 25ஆல் பெருக்கினாலும் 1000. 100ஐ 10ஆல் பெருக்கினாலும் 1000. விற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பொருள்வில்லையின் உடலில் இன்னோர் எண்ணும் பொறித்திருக்கும். வழக்கமாக 40க்கு 0.65, வில்லைக்கும் கண்ணாடித் துண்டுக்கும் நடுவே எண்ணெய் வைத்துப் பார்க்கும் 100க்கு 1.25. வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு அது. நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறன் அதில்தான் இருக்கிறது. பச்சை ஒளியில் 0.65 வில்லை ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை பிரிக்கும், 1.25 வில்லை 0.27 வரை. பொறித்திருக்கும் அந்த எண்ணின் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கிப் பயனில்லை என்பது பொது விதி. ஆகவே 40 வில்லைக்கு 650 மடங்குதான் எல்லை. 25 பார்வைத்துண்டைச் செருகினால் அதே மங்கலைப் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவே. 1600 என்று விளம்பரம் செய்யும் கருவி 100 வில்லையின் எல்லையையும் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் 100 வில்லையா? தயிரிலுள்ள பற்றீரியாக்களைப் பார்க்க ஆம். ஆனால் அது கண்ணாடித் துண்டை உரசும் அளவு கீழே இறங்கும், எண்ணெய் இல்லாவிட்டால் படம் கலங்கும், பிரகாசமான விளக்கும் வேண்டும். விளக்கில்லாமல் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடியால் வெளிச்சம் பிடிக்கும் கருவி நுவரெலியாப் பனிமூட்டத்தில் என்ன செய்யும்? துடைக்காத எண்ணெய் வில்லையைக் கெடுக்கும். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணமும் படரும்.

என் தேர்வு 40 வில்லையும் 10 பார்வைத்துண்டும்: 400 மடங்கு. தேயிலையின் இலைவாய்க்கு, அதாவது இலையிலுள்ள நுண்துளைக்கு, அது தாராளம். இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்து, மலைகளைத் தேயிலைக்கு விட்டுக்கொடுக்க வைத்த ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் பூஞ்சணம் 1869இல் விவரிக்கப்பட்டது. அதன் வித்தி ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் நீளம். முதுகில் முட்கள், வயிற்றுப்புறம் வழவழப்பு. வீட்டுத்தோட்டக் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக இன்றும் கிடைக்கும். முள்ளும் வழவழப்புமான அந்த உருவம் 400இலேயே தெரிந்துவிடும். 25 பார்வைத்துண்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல விளக்கும், காற்றுப் புகாத பெட்டியும், கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் வாங்கலாம்.