காலில் ஒட்டும் ஈ.எம்.ஜி. கருவி: சிக்னல் சுத்தம், ஆப்தான் சொதப்பல்

ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் பலவீனமான அப்பாவுக்காக வாங்கியது இந்த ஈ.எம்.ஜி. (எலக்ட்ரோமயோகிராபி) கருவி. இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு தசைகளைப் பார்க்கலாம்), போனில் ஒரு ஆப், ஒட்டுவதற்கு எலக்ட்ரோடுகள், அவ்வளவுதான். கரண்ட் கொடுத்துத் தசையைத் தூண்டும் மெஷின் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். தசை வேலை செய்யும்போது எழும் மைக்ரோவோல்ட் அளவிலான மின்சாரத்தைத் தோல் வழியாகப் படித்துத் திரையில் கோடாகக் காட்டும், அந்த வேலையை மட்டும் நன்றாகவே செய்கிறது.

அப்பாவுக்குப் பாதம் தொங்கும் பிரச்சினை. பாதத்தை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசை, சரியாக வேலை செய்யாததால் நடக்கும்போது கால்விரல் தரையில் உரசும். உட்கார்ந்தபடி மிதிக்கும் பெடல் மெஷினில் தினமும் நல்ல வேகத்தில் சுற்றுவார், எங்களுக்கும் சந்தோஷம். இரண்டு காலிலும் அந்தத் தசையில் காலுக்கொரு சேனலை ஒட்டிப் பார்த்ததும் சாயம் வெளுத்துவிட்டது. இடது காலில் பெடல் மேலே ஏறும்போதெல்லாம் கோடு எழும்பி இறங்குகிறது, வலது காலில் ஏறக்குறைய நேர்கோடு! இடது கால் மிதிக்க, அந்த வேகத்திலேயே வலது காலும் சுற்றி வந்திருக்கிறது. போதாக்குறைக்குப் பாதத்தைப் பெடலோடு வாரால் கட்டிவிடுகிறோம், அப்புறம் அந்தத் தசைக்கு என்ன வேலை இருக்கிறது?

பிசியோவிடம் காட்டினோம். நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சியில் இதையே ஒட்டிப் பார்க்கச் சொன்னார். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து உடம்பை முன்னால் சாய்க்கும்போது, எழுவதற்கு முன்பே அந்தத் தசை வேலை செய்ய வேண்டுமாம். வலது காலில் சின்னதாக, கொஞ்சம் தாமதமாக, ஆனால் நிஜமாகவே ஒரு மேடு வந்தது. இப்போது பெடலைக் குறைத்து இதைக் கூட்டியிருக்கிறோம், இந்த ஒன்றுக்கே கருவிக்குக் கொடுத்த காசு சரி.

ஆப் மோசம். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்க முயன்றால் பின்னால் கெண்டைக்கால் தசையும் சேர்ந்து இறுகிவிடுகிறது, கணுக்கால் விறைத்துப்போய்ப் பாதம் அசையவே இல்லை, ஆனால் ஆப் இரண்டு சேனலையும் கூட்டி முழு மதிப்பெண் கொடுத்துக் கைதட்டுகிறது. அந்த மதிப்பெண் பக்கம் போகாதீர்கள். ஒரே காலில் முன் தசைக்கு ஒரு சேனல், கெண்டைக்காலுக்கு ஒன்று என்று ஒட்டி, முதல் கோடு ஏறும்போது இரண்டாவது தாழ்வாகவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கே ஒட்டுவது என்பதில் கையேடு ஒரு மங்கலான படத்தோடு முடித்துக்கொள்கிறது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் எலும்புக்கு ஒரு கோடு போட்டால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முன் தசைக்கான இடம்; ஒரு சேனலுக்கான இரண்டு எலக்ட்ரோடுகளின் மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டர். முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் எண் மாறிவிடும், அதனால் நேற்றைய மைக்ரோவோல்ட்டை இன்றையதோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படவோ கவலைப்படவோ வேண்டாம். எண் பெரிதாக இருந்தால் தசைக்குப் பலம் வந்துவிட்டது என்றும் ஆகாது.

கூட வரும் எலக்ட்ரோடுகளில் பசை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வேறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிசியோ யாரும் பார்க்காத வீட்டில் இதைத் தனியாக வாங்கி வைப்பதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐந்துக்கு மூன்றரை, ஆப்பைச் சரிசெய்தால் நாலரை.