தாம்சனும் பிரவுனிங்கும்: திரைப் புகழும் தெரு வலிமையும்
அமெரிக்கக் கொள்ளையர் காலப் படம் என்றாலே தோட்டாக்கள் அடங்கிய வட்ட உறை மாட்டிய தாம்சன் துப்பாக்கிதான் முன்னால் வந்து நிற்கும். 1929-இல் சிகாகோவில் ஏழு பேரைப் பலிகொண்ட காதலர் தினப் படுகொலையில் இரண்டு தாம்சன்கள் பயன்பட்டதால், அந்தப் புகழ் பொய்யன்று. ஆனால் அது சுட்டது கைத்துப்பாக்கித் தோட்டாவையே. தேசியக் காவல்படைக் கிடங்குகளில் திருடிக் கொள்ளையன் கிளைடு பாரோ விரும்பி ஏந்திய பிரவுனிங் தானியங்கி ரைபிளோ, ஏழு கிலோவுக்கு மேல் கனத்து, 20 தோட்டாக்களே கொண்டிருந்தாலும், போர்க்கள ரைபிள் தோட்டாவைச் சுட்டதால், காவலர் மறைந்திருந்த காரின் தகட்டையே எளிதில் துளைத்தது. என் கணிப்பில் அஞ்சத்தக்கது பிரவுனிங்கே. திரை நாயகனாகும் அழகு மட்டும் தாம்சனுக்கு. தோட்டா நிரம்பிய அந்த வட்ட உறை நடக்கும்போது கலகலவென்று ஒலிக்கும் என்பதைப் படங்கள் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போரின் எம்1ஏ1 என்ற தாம்சன் வகையில் அதைப் பொருத்தவே இயலாது.