புதுக் கைக்கன்சோலுக்கு நாலு வழி: சொந்தத் தளமா, ஆண்ட்ராய்டா, பிசி சில்லா, மெயின்லைன் லினக்ஸா?

கையடக்கக் கேம் கன்சோல் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவர நினைக்கும் சிறு குழுவுக்கு இன்று நாலு வழி இருக்கிறது. சின்ன மைக்ரோகண்ட்ரோலரை வைத்து மென்பொருள் முழுவதையும் தானே எழுதிக்கொள்ளும் சொந்தத் தளம் ஒன்று. ஃபோன் சில்லில் ஆண்ட்ராய்டு இரண்டாவது. பிசிகளில் இருக்கும் எக்ஸ்86 வகைச் சில்லைப் போட்டுக் கைக்குள் ஒரு பிசி மூன்றாவது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் அதிகாரப்பூர்வப் பொதுப் பதிப்பில், அதாவது மெயின்லைனில், ஏற்கெனவே ஆதரவு உள்ள ஆர்ம் சில்லு (ஃபோன்களில் இருக்கும் வகை) நாலாவது. எங்கள் சாய்வு நாலாவதன் பக்கம். எங்கள் கருவிக்கும் அதைத்தான் எடுத்தோம். அதனால் இந்த அலசலில் அதற்குத்தான் இடம் அதிகம்.

எந்த வழியில் போனாலும் கூடவே வரும் தொல்லைகளை முதலில் முடித்துவிடலாம். பிளாஸ்டிக் உடலுக்கு மோல்டு வெட்டும்போது பட்டன் துளைகளைச் சற்றுப் பெரிதாக வைத்துத் தொடங்குங்கள். துளையைச் சிறிதாக்க மோல்டின் இரும்பைச் சீவினால் போதும். பெரிதாக்க வேண்டுமானால் இரும்பை வெல்டு செய்து சேர்க்க வேண்டும். கார்பன் தடம் தேயும் ஸ்டிக்குக்குப் பதில், உரசாமல் காந்தத்தால் அசைவை அறியும் ஹால் ஸ்டிக் போடுங்கள். யூஎஸ்பி-சி போர்ட்டில், கருவி இணைந்திருப்பதைச் சார்ஜருக்குச் சொல்லும் இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே போட்டதால்தான் 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பலகைகள் சில நல்ல கேபிள்களோடு சார்ஜரில் மின்சாரம் வாங்க மறுத்தன. ரெசிஸ்டரே இல்லாமல் விற்கும் மலிவுக் கருவிகள் இன்னும் மோசம், சி-டு-சி கேபிளில் சார்ஜே ஏறாது. பேட்டரிக்கு யூஎன் 38.3 (லித்தியம் பேட்டரிகளுக்கான ஐநா பாதுகாப்புச் சோதனை) அறிக்கை இல்லாமல் சரக்கு விமானம் ஏறாது. இவ்வளவும் நாலு வழிக்கும் பொது.

வழிகளைப் பிரிப்பது வேகமும் விலையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் பார்வையில் பிரிப்பது பராமரிப்பு. சிறு குழு ஒரே தடவையில் லட்சம் கருவி செய்வதில்லை. ஓராயிரம், ஈராயிரம் என்று தவணை தவணையாகத்தான் செய்கிறது. இரண்டாவது மூன்றாவது தவணைக்குப் போகும்போது முதலில் வாங்கிய திரை கிடைக்காது, வைஃபை மாட்யூலின் உற்பத்தி நின்றிருக்கும், மெமரி வேறு நிறுவனத்துடையதாக மாறியிருக்கும். புதிதாக வந்த பாகத்துக்கு டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, யார் எழுதுவது, எந்தக் கர்னலில் எழுதுவது? கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விக்கான விடைதான்.

சொந்தத் தளத்துக்கு நல்ல உதாரணம் பானிக் நிறுவனத்தின் பிளேடேட். 2019 மே மாதம் அறிவித்தார்கள். 2022 ஏப்ரலில்தான் வாங்கியவர் கைக்குப் போனது. 400×240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, கார்டெக்ஸ்-எம்7 சில்லு, 16 எம்பி நினைவகம், பக்கவாட்டில் சுழற்றும் கைப்பிடி. ‘விளையாட என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கு வாரம் இரண்டாக 24 கேம்களைக் கருவியோடு சேர்த்தே கொடுத்துப் பதில் சொன்னார்கள். 2021இல் முதலில் தயாரான 5,000 கருவிகளில் பேட்டரிக் கோளாறு தெரிந்து எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. அதோடு, பயன்படுத்திய சில்லு இரண்டு வருடத்துக்குக் கிடைக்காது என்று சப்ளையர் கைவிரித்தார். மதர்போர்டையே வேறொரு சில்லுக்கு மாற்றி வடிவமைத்துத் தப்பித்தார்கள். மென்பொருள் முழுவதும் தங்கள் கையில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

அந்தப் பேட்டரிப் பாடம் எல்லோருக்கும் பொருந்தும். விமானத்தில் போகும் சரக்கில் சார்ஜ் 30 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். 800 எம்ஏஎச் பேட்டரியில் அது 240 எம்ஏஎச். அணைத்து வைத்த கருவி ஒரு மில்லிஆம்ப் உறிஞ்சினால் 240 மணி நேரத்தில், அதாவது பத்தே நாளில், செல் வறண்டுவிடும். அதன் பிறகு பாதுகாப்புச் சுற்று சார்ஜை ஏற்காமல் போகலாம். பேட்டரியை மற்றச் சுற்றிலிருந்து துண்டித்து வைக்கும், சார்ஜர் சில்லின் ‘ஷிப் மோடு’ வழியாக இந்தக் கசிவைப் பத்து மைக்ரோஆம்புக்குக் குறைத்தால் கணக்குப்படி ஆயிரம் நாள் தாங்கும். தொழிற்சாலையின் கடைசிச் சோதனையிலேயே ஷிப் மோடை இயக்கிவிட வேண்டும்.

சொந்தத் தளத்தின் செலவு பாகங்களில் இல்லை. கேம் எழுதுவோருக்கான கருவித்தொகுப்பு, சிமுலேட்டர், ஆவணம், கடை, அப்டேட் சர்வர் எல்லாம் உங்கள் தலையில். விளையாடும் முறையிலேயே புதுமை இருந்தால் மட்டும் இதற்கு இறங்கலாம்.

ஆண்ட்ராய்டு முதல் பார்வைக்குச் சுலபம், கேம்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் கூகுள் பிளே வேண்டுமென்றால் கூகுளின் பொருத்தச் சோதனைகளில் தேறி உரிமம் வாங்க வேண்டும். கேம்களில் பாதிக்குமேல் தொடுதிரையை நம்பியவை. பட்டனைத் தொடுதலாக மாற்றிக் கொடுத்தாலும் சில ஆன்லைன் கேம்கள் அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், சில்லுக்காரர் தரும் மென்பொருள் தொகுப்பு. ஒரு பழைய கர்னல், அதன்மேல் ஆயிரக்கணக்கான திருத்தங்கள், திறக்க முடியாத கிராஃபிக்ஸ் டிரைவர். அடுத்த ஆண்ட்ராய்டுக்குப் போவது அவர் மனம் வைத்தால்தான். உங்கள் ஆர்டர் சிறியது. மனம் வைக்க அவருக்குக் காரணம் கிடையாது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எக்ஸ்86இல் நிலைமை தலைகீழ். ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் டிரைவர் திறந்த மூலம், மெயின்லைன் கர்னலிலேயே இருக்கிறது. ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுகின்றன. பராமரிப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த வழியைத்தான் முதலிடத்தில் வைக்க வேண்டும். உதைப்பது வாட் கணக்கு. 2022 பிப்ரவரியில் வந்த வால்வின் கைக்கன்சோலான முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. சில்லு மட்டுமே 15 வாட் வரை எடுக்கும். திரை, ரேம், ஃபேன் சேர்ந்து 20 வாட்டைத் தாண்டினால் இரண்டு மணி நேரம்கூட நிற்காது. வால்வே இரண்டு முதல் எட்டு மணி என்றுதான் சொன்னது. சூட்டை வெளியேற்றுவது தனிக் கலை. 2023இல் வந்த ஆசஸின் ‘ROG Ally’ கைக்கன்சோலில் மெமரி கார்டு ஸ்லாட் சூடான காற்று வெளியேறும் இடத்துக்கு அருகில் இருந்தது. சூட்டில் அது பழுதாகலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. வால்வ் போன்ற பெரிய நிறுவனமே பாகத் தட்டுப்பாட்டால் 2021 டிசம்பரில் தருவதாகச் சொன்னதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டது. முக்கியமாக, கருவியில் லாபம் குறைந்தாலும் அவர்களுக்குக் கேம் கடையில் வருமானம் வரும். கடை இல்லாத குழு அந்த விலையோடு போட்டி போடுவது வீண். பத்தாயிரக்கணக்கில் செய்யும் இடத்தில் இந்தக் கணக்கு மாறக்கூடும். அந்த அளவில் எங்களுக்கு அனுபவம் இல்லை.

இனி நாலாவது வழி. ராக்சிப் நிறுவனத்தின் ஆர்ம் சில்லுகளான ஆர்கே3326, ஆர்கே3566 இரண்டும் வேகத்தில் சாதாரணம்: கார்டெக்ஸ் ஏ35, ஏ55 கோர்கள் நாலு, சிறிய மாலி கிராஃபிக்ஸ். ஆனால் மாலி வரிசைக்கான பான்ஃப்ராஸ்ட் என்ற திறந்த மூல டிரைவர் 2019இலேயே மெயின்லைனில் சேர்ந்துவிட்டது. ஓட்ராய்டு கோ அட்வான்ஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி353 போன்ற கைக்கன்சோல்களில் என்னென்ன பாகங்கள், எப்படி இணைந்திருக்கின்றன என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்புகள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. சில்லுக்காரர் கொடுத்த கர்னலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஓட்ராய்டு கோ அட்வான்ஸ் 2020இல் வந்தபோது அதில் இருந்தது கர்னல் 4.4, அதன் ஆதரவு 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஆர்கே3566க்குத் தந்த 4.19இன் ஆதரவு 2024 டிசம்பரில் முடிந்தது. அதில் தங்கிவிட்டவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாங்களே பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். புது வைஃபை மாட்யூல் வந்தால் அதன் டிரைவரையும் அப்படியே.

திரை மாறும்போது என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆர்ஜி353 வரிசையில் உற்பத்தி நடுவிலேயே வேறொரு திரை வந்தது. வெளியே பார்த்தால் ஒரே கருவி. பழைய திரைக்கு எழுதிய மென்பொருளைப் போட்டால் பின்விளக்கு எரியும், ஓசை வரும், படம் வராது. காரணம், டிஎஸ்ஐ என்ற இணைப்பில் ஓடும் திரை ஒவ்வொன்றையும் விழிக்க வைக்க அதற்கே உரிய தொடக்கக் கட்டளைகளை வரிசையாக அனுப்ப வேண்டும். நேரக் கணக்கும் வேறு. கர்னலுக்கு முன்பே ஓடி அதைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான யூ-பூட்டின் மெயின்லைன் பதிப்பில் இதற்குத் தீர்வு வந்தது. பூட்லோடர் திரையின் அடையாள எண்ணை வாசித்து, எந்தத் திரை என்று கண்டு, கர்னலுக்குக் கொடுக்கும் டிவைஸ் ட்ரீயைத் திருத்திவிடுகிறது. ஒரே அப்டேட் கோப்பு இரண்டு திரைக்கும் போதும். நம் பங்கு, புதிய திரைக்கு ஒரு சிறு டிரைவர், அடையாளப் பட்டியலில் ஒரு வரி. அதனால் சப்ளையரிடம் ஆர்டர் போடும்போதே மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: தொடக்கக் கட்டளை வரிசை, அடையாள எண், உற்பத்தி நிறுத்தும் முன் எழுத்தில் அறிவிப்பு. முதல் தவணையிலேயே இரண்டு திரைகளை வைத்துச் சோதிப்பது நல்லது. இன்னொன்று: மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஃபோனுக்குச் செய்த நெட்டைத் திரைகள். சில்லின் காட்சிப் பகுதி 90 பாகை திருப்பாவிட்டால் கிராஃபிக்ஸ் ஒரு தடவை கூடுதலாக நகலெடுக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் தாமதித்தாலே 16.7 மில்லிவினாடி போய்விடும்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. ஆதரவு முழுமையாக வரும்போது சில்லுக்கு இரண்டு மூன்று வயது ஆகிவிடும். ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஎஸ் வைஃபை சில்லுக்கு, இத்தகைய கருவிகளில் அதை இணைக்கும் எஸ்டிஐஓ வழிக்கான ஆதரவு 2023இல் வந்த 6.4 கர்னலில்தான் சேர்ந்தது. அதுவரை வெளி டிரைவரோடுதான் மல்லுக்கட்டு. கேம்களும் தாமாக வந்து குவியாது. கோடோ, லவ் போன்ற கேம் உருவாக்கும் இன்ஜின்கள் ஆர்ம் லினக்ஸில் ஓடும், ஆகவே சிறு ஸ்டுடியோக்களிடம் நேரே போய்ப் பேசி முதல் நாளுக்குப் பத்துப் பதினைந்து கேமாவது கையில் வைத்திருக்க வேண்டும். பழைய கேம்களின் ரோம் (ROM) நகல் கோப்புகளை கார்டில் நிரப்பி விற்பது பதிப்புரிமைத் திருட்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மிகப் பெரிய ஓட்டை ஸ்லீப், அதாவது கேமைப் பாதியில் நிறுத்திக் கருவியைத் தூங்க வைப்பது. 4000 எம்ஏஎச், 3.7 வோல்ட் பேட்டரி என்றால் 14.8 வாட்-மணி. ஸ்லீப்பில் 150 மில்லிவாட் கசிந்தால் நாலு நாளில் காலி; 30 மில்லிவாட் என்றால் இருபது நாள். சில்லைத் தேர்வு செய்யும் முன்பே இதை அளக்க வேண்டும். டெவலப்மெண்ட் போர்டு ஒன்றை வாங்கி, எந்தத் திருத்தமும் செய்யாத மெயின்லைன் கர்னலைப் போட்டு, குறித்த நேரத்தில் எழுப்பும் ஆர்டிசிவேக் (rtcwake) கட்டளையால் இரவு முழுக்கத் திரும்பத் திரும்பத் தூங்கி எழ வையுங்கள். காலையில் பதிவைப் பாருங்கள்: எத்தனை முறை எழவில்லை, எழுந்ததும் ஓசையும் வைஃபையும் திரும்பினவா, மீட்டரில் மின்னோட்டம் எவ்வளவு. நூறில் ஒரு தடவை எழாவிட்டாலும் வாங்கியவர் மாதத்தில் சில முறையாவது பட்டனை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்ய வேண்டிவரும். அந்தச் சில்லை விட்டுவிடுங்கள், வேகம் எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

அப்டேட்டுக்கு, பலகையிலேயே பொருத்திய சேமிப்பகமான இஎம்எம்சியில் இரண்டு சிஸ்டம் பிரிவுகள் ஒதுக்குங்கள். புதியது மூன்று முறை பூட் ஆகவில்லை என்றால் பூட்லோடர் தானே பழையதுக்குத் திரும்ப வேண்டும். கருவியோடு மலிவான மெமரி கார்டு கொடுத்து அதிலிருந்தே பூட் செய்தால், ரிப்பேருக்கு வரும் கருவிகளில் பெரும்பங்கு அந்தக் கார்டால்தான் வரும். உதிரி ஸ்டாக் வைக்கும்போது திரைகளையும் ஸ்டிக்குகளையும் மொத்தமாக வாங்கி வைக்கலாம். பேட்டரியை அப்படி வைக்காதீர்கள். லித்தியம் செல் அலமாரியில் கிடந்தே கிழடாகும், அதைத் தவணைக்குத் தவணை புதிதாகவே வாங்க வேண்டும்.