முதல் கிண்ணம் கடைய எந்த மரம்: பேலட்டா, பழைய தேக்கு மேசையா, வெட்டிப்போட்ட தூங்குமூஞ்சியா?

லேத்துல, அதாவது மரத்தச் சுத்தவிட்டு உளியால கடையுற மெஷின்ல, கிண்ணம் கடைய ஆரம்பிக்கிறவங்க சிங்கப்பூர்ல முதல்ல கை வைக்கிறது பெரும்பாலும் சரக்கு அடுக்குற மரத்தட்டான பேலட்லதான், ஏன்னா தொழிற்பேட்டைப் பக்கம் போனா எங்க பாத்தாலும் அடுக்கி வச்சிருக்கும், கேட்டா எடுத்துக்கன்னு சொல்லிடுவாங்க, ஒரு வெள்ளி செலவு இல்ல. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இந்த ஒண்ணரை வருஷத்துல பேலட், பழைய சாமான் வாங்கி விக்கிற கராங்குனிக்காரர்கிட்ட வாங்கின பழைய தேக்கு மேசை, வெட்டின தூங்குமூஞ்சி மரத்துண்டு, மூணுலயும் கடைஞ்சு பாத்துட்டேன். புதுசா வர்றவங்களுக்கு நான் அடிச்சு சொல்றது இதுதான்: முதல் கிண்ணத்த ஈர மரத்துல, அதாவது தூங்குமூஞ்சி மாதிரி வெட்டி இன்னும் காயாத மரத்துல கடைங்க, காஞ்ச மரமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

பேலட்ட எடுத்தா முதல்ல முத்திரையப் பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து வர்றதுல கோதுமைக் கதிர் படத்தோட ஒரு முத்திரை இருக்கும். எச்டின்னு போட்டிருந்தா சூடு காட்டினது, அதாவது மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நின்னிருக்கணும். எம்பின்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அத தொடவே தொடாதீங்க. எச்டியா இருந்தாலும் வழியில அது மேல என்னென்ன கொட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதனால அதுல சாப்பாட்டுக் கிண்ணம் செய்ய எனக்கு மனசு வரல.

அடுத்த பிரச்சினை கனம். பலகை ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர்தான், கொஞ்சம் ஆழமா கிண்ணம் வேணும்னா மூணு நாலு பலகைய பசை போட்டு ஒட்டணும், அந்த ஒட்டு சரியில்லன்னா லேத்து அத பிச்சு எறிஞ்சிடும். எனக்கு நடந்துச்சு. நிமிஷத்துக்கு 1000 சுத்துல ஓடிக்கிட்டிருந்தப்போ மேல் பலகை கழண்டு ஃபேஸ் ஷீல்டுல வந்து அடிச்சுச்சு, ஷீல்டு இல்லன்னா மூக்கு போயிருக்கும். மரம் பைனா இருந்தா அதுல ஒரு வளையம் மெத்துன்னு இருக்கும் அடுத்த வளையம் கெட்டியா இருக்கும், உளி தடதடன்னு குதிக்கும், நாரு கிழிஞ்சு நிக்கும், நம்ம கை தப்பா இல்ல மரம் தப்பான்னே கண்டுபிடிக்க முடியாது. கத்துக்கிறவனுக்கு இத விடப் பெரிய கஷ்டம் வேற என்ன?

பழைய தேக்கு மேசை அழகு, அதுல சந்தேகமே இல்ல. முதல் சீவல்லயே அந்த எண்ணெய் வாசம் வரும் பாருங்க, தாத்தா வீட்டு அலமாரியத் தொறந்த மாதிரி. பல வருஷம் காஞ்ச மரம், கடைஞ்ச பிறகு பெருசா நெளியாது. ஆனா மேசைப் பலகையிலயும் கனம் கெடைக்காது, காலுல கெடைக்கிறது சின்னக் குங்குமச்சிமிழ் அளவுக்குத்தான். தேக்குல சிலிக்கா இருக்கிறதால உளி முனை சீக்கிரம் மழுங்கிடும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தீட்டப் போகணும், தீட்டத் தெரியாத ஆளு மழுங்கின உளிய அழுத்தி அழுத்தித் தள்ளுவான், அங்கதான் உளி மாட்டிக்கிட்டு இழுக்கும். பழைய பெயிண்ட் இருந்தா அதுல ஈயம் இருக்க வாய்ப்பிருக்கு, அத தேய்க்காதீங்க. ரெண்டாவது மூணாவது கிண்ணத்துக்கு தேக்கு ஓகே.

இப்ப தூங்குமூஞ்சி. ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ரோட்டுக்குக் குடை பிடிச்ச மாதிரி நிக்குதே, அதுதான். ரோட்டோர மரங்கள்லாம் தேசியப் பூங்காக் கழகத்தோட பொறுப்பு, விழுந்து கெடக்குன்னு தூக்கிட்டு வரக்கூடாது, கேட்டுத்தான் வாங்கணும். எனக்கு சுங்கை காடுட் பக்கம் ஒரு மரப்பட்டறையில 15 வெள்ளிக்கு ஒரு துண்டு கெடச்சுது. நடு மையத்த விட்டு ரெண்டு பாதியா பொளந்து, 20 சென்டிமீட்டர் வட்டமா அறுத்து ஃபேஸ்பிளேட்டுல, அதாவது மரத்த திருகி மாட்டுற லேத்துத் தட்டுல மாட்டி, எதிர்ப்பக்கத்துலேர்ந்து தாங்குற டெயில்ஸ்டாக்கையும் முட்டுக் கொடுத்து, மெதுவா 500 சுத்துல ஆரம்பிச்சேன். உளிய வச்சவுடனே சீவல் இடியாப்பம் பிழியுற மாதிரி நீளநீளமா தோள் மேல வந்து விழுது, கூடவே தண்ணி மூஞ்சியில தெறிக்குது. உளியோட சாய்வு முகத்த மரத்துல உரசவிட்டு அப்புறம் கைப்பிடியப் பிடிச்ச பின்கைய மெல்லத் தூக்குன்னு சொல்லிக்குடுத்தது பேலட்ல ஆறு வாரமா புரியல, இதுல அரை மணி நேரத்துல புரிஞ்சுது. மரம் வெட்டுப்படுற சத்தத்துலயே நீங்க செய்யிறது சரியா தப்பான்னு தெரிஞ்சிடும். இந்த மரம் காயும்போது ரொம்பக் கம்மியாதான் சுருங்கும், அதனாலதான் ஹவாயிலயும் பிலிப்பைன்ஸ்லயும் இதுல கிண்ணமா கடைஞ்சு தள்ளியிருக்காங்க. உள்ள காப்பி நிறம், ஓரத்துல மஞ்சள். தூசி மட்டும் மூக்க அரிக்கும், மாஸ்க் கட்டாயம்.

அங்சானா கெடைச்சாலும் விடாதீங்க, நம்ம வேங்கை மரத்தோட நெருங்கின சொந்தம். ஊர்ல வேங்கை மரத்துல கடைஞ்ச டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சுக் குடிப்பாங்களே, அதே குடும்பம். நான் சீவல ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊறப்போட்டு ஜன்னலோரம் வச்சேன், தண்ணி லேசா மஞ்சளா இருந்துச்சு, வெயில் பட்ட ஓரத்துல மட்டும் நீலமா மினுங்குச்சு. எங்கம்மா அத நகத்தவே விடல. தெம்புசு ரொம்பக் கெட்டி, அஞ்சு வெள்ளி நோட்டுல பின்பக்கம் இருக்கிற மரம் அதுதான், முதல் வருஷம் வேண்டாம்.

ஈர மரத்துக்கு ஒரே குறை காத்திருக்கணும், அதுலயும் நம்ம ஊர் ஈரப்பதத்துல பூஞ்சை வேற. விட்டத்துல பத்துல ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது 20க்கு 2 சென்டிமீட்டர், முரட்டுத்தனமா கடைஞ்சு, நார் அறுபட்ட முனையில மெழுகு தடவி எடுத்து வைங்க. நான் முதல் கிண்ணத்த பிளாஸ்டிக் பையில கட்டிவச்சு அஞ்சே நாள்ல கருப்பா புள்ளி புள்ளியா பூத்துடுச்சு. இப்ப நியூஸ்பேப்பர் சுத்தி கட்டிலுக்கு அடியில வைக்கிறேன், மூணு நாளைக்கு ஒருதடவ பேப்பர மாத்துறேன், வாராவாரம் சமையக்கட்டு தராசுல எடை. 1140 கிராம்ல ஆரம்பிச்சது நாலாவது மாசம் 690ல நின்னுது, அதுக்கு மேல எறங்கல, அப்ப திரும்ப லேத்துல ஏத்தி முடிச்சேன். ஏர்கான் ரூம்ல இருக்கப்போற கிண்ணம்னா கடைசி ரெண்டு வாரம் அந்த ரூம்லயே வச்சு எடைய பாருங்க, இல்லன்னா ஆளுக்குக் குடுத்த பிறகு வெடிக்கும்.

கடைசியா எண்ணெய். நல்லெண்ணெய் தடவலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க, அது காயாது, மரத்துக்குள்ளயே நின்னு சிக்கு வாடை அடிக்கும். வால்நட் எண்ணெய் மெல்லிசா ரெண்டு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் நல்லா காயவிட்டு. நட்டு அலர்ஜி உள்ள வீடுன்னா அதுவும் வேண்டாம், ஃபார்மசியில விக்கிற மினரல் ஆயில் போதும், அப்பப்ப திரும்பத் தடவிக்கணும்.