பதினைந்து யூரோ படுக்கையும் ஒரு ‘புவென் கமினோ’வும்

ஸ்பெயினின் சாரியாவில் இருந்து சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா என்ற கிறிஸ்தவ யாத்திரைத் தலத்துக்கு நடப்பவர்கள் பெரும்பாலும் முதல் இரவை போர்த்தோமரீனில்தான் கழிக்கிறார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்து, முழங்கால் வீங்கிப்போய், அங்கே ஒரு யாத்ரீகர் விடுதிக்குள் நுழைந்தேன். படுக்கை 15 யூரோ.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் படுக்கைதான் கிடைத்தது, ஏணி ஆடியது. போர்வை தரவில்லை. என் முறை வந்தபோது வெந்நீர் தீர்ந்திருந்தது. பன்னிரண்டு பேர் படுத்த அறையில் குறட்டைக் கச்சேரி விடியும்வரை ஓயவில்லை. இரவுச் சாப்பாட்டில் கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட காலிசிய சூப் வந்தது. பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. முகம் சுளிக்காமல் உருளைக்கிழங்கு ஆம்லெட் போட்டுத் தந்தார்கள். அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டலாம்.

விடுதி அம்மாள் என் யாத்ரீகர் அட்டையில் முத்திரை குத்தியபோது, நான் அரைகுறை ஸ்பானிஷில் பக்கத்து ஜெர்மானியரிடம் ‘புவென் வியாஹே’ (நல்ல பயணம்) என்றேன். அம்மாள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு விரலை ஆட்டினார். அது விமானத்தில், பஸ்ஸில் போகிறவர்களுக்காம். யாத்ரீகர் அடையாளமான சிப்பியைப் பையில் தொங்கவிட்டு நடப்பவர்களுக்கு ‘புவென் கமினோ’, நல்ல வழி அமையட்டும் என்று. நாம் போகிறவரிடம் ‘போய் வாருங்கள்’ என்கிறோம். இவர்கள் பாதையை வாழ்த்துகிறார்கள்.

காலை ஆறரைக்கு, இருட்டில் வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்தது. ‘புவென் கமினோ!’ கூடவே, நான் எதிர்ப்பக்கம் போகிறேன் என்று கைகாட்டினார்.

காதடைப்பான் கொண்டுபோங்கள்.